ஓர் ஓடையும் பல இழைகளும்

விழா மலர்களுக்கு எழுதப் புகுவோர் பெரும்பாலும் தாம் பயின்ற காலத்து ஆசிரியர்களையும் விடுதி வாழ்வையும் துடுப்பாட்டப் போட்டிகளையும் பற்றியே எழுதுவர். அவற்றை எழுதுவதற்கு எம்மினும் மூத்தோரும் நினைவாற்றல் மிக்கோரும் பழைய மாணவருட் பலர் உளர். ஆதலின் நாம் எமது தொழிலைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதத் துணிந்தோம். கணினிக்குச் செய்நிரல் எழுதுவதே எமது தொழில். நாம் கல்லூரியை விட்டு நீங்கிய காலத்தில் அத்தொழிலை நாடியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். இன்றோ உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் மாணவருட் பலர் அதனையே கருதியிருக்கின்றனர். அவர்களைப் போன்ற இளைஞரை உத்தியோகத்துக்குத் தெரிவு செய்யும் நேர்முகப் பரீட்சைகளில் நாம் அமர்வதுண்டு. "ஓர் எதிர்வினை ஓடையிலே செல்லும் வேலைகளைப் பல இழைகளில் ஒரே வேளையிற் செய்விப்பது எங்ஙனம்?" என்று வினவினால், "'பரலல்' என்று போட்டாற் போதும், சேர்" என்று விடை வருகின்றது. அந்த ஒரு சொல்லைப் போட்டபின் என்ன நிகழும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வைத்தியரும் சட்டத்தரணிகளும் கமக்காரரும் இதனைப் படிக்கக் கூடுமாதலால், சொற்களை முதலில் விளக்கிவிடுவோம். இழை என்பது கணினி ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிச் செல்லும் கட்டளைகளின் தொடர். எட்டுக் 'கோர்' கொண்ட கணினியில் எட்டு இழைகள் மெய்யாகவே ஒரே கணத்தில் இயங்க வல்லன. அதற்கு மேற்பட்டவை முறைவைத்து இயங்கும். ஓடை என்பது செய்திகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும் வழி. நிரல் எழுதுவோர் அவ்வழியிலே பல படிகளை அமைத்துவிடுகின்றனர். ஒரு படி செய்தியைச் சோதிக்கும், ஒன்று உருமாற்றும், ஒன்று தரவுத்தளத்தில் எழுதும். செய்தி வந்து சேர்ந்தபோது படிகள் தாமாக இயங்குதலின் அதற்கு 'றியக்ரிவ்' என்று பெயர் வைத்தனர். அதனை 'எதிர்வினை' என்று மொழிபெயர்த்திருக்கின்றனர். அயலவரோடு வழக்காடுவது போன்ற ஒலியுடைய அச்சொல் எமக்கு அத்துணை உவப்பன்று. எனினும் வழக்கில் வந்துவிட்டமையின் நாமும் அதனையே கொள்கின்றோம்.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே கிணற்றுநீர் இறைத்ததைக் கண்டோர்க்கு இவ்வோடையை விளக்குதல் எளிது. வாய்க்காலிலே நீர் வருகின்றது. தண்ணீர் மாறுபவர் பாத்தியின் வரம்பை வெட்டி நீரை உள்ளே விடுகின்றார். பாத்தி நிறைந்ததும் அதனை அடைத்து அடுத்ததற்குத் திருப்புகின்றார். இறைப்பவர் விரைந்து இறைக்க, மாறுபவர் தாமதித்தால், வாய்க்கால் உடைத்துக்கொள்ளும். ஆகவே மாறுபவர் குரல் கொடுப்பார். இறைப்பவர் சற்றே தரிப்பார். எதிர்வினை ஓடைகளிலும் கீழே உள்ள படி 'இன்னும் இத்தனை தா' என்று மேலே உள்ள படியைக் கேட்டுப் பெறுகின்றது. கேளாததை மேற்படி அனுப்புதல் ஆகாது. இந்த ஓர் ஒழுக்கத்தினாலேயே, எவ்வளவு செய்தி வந்து குவிந்தாலும் கணினியின் நினைவகம் நிரம்பி வழியாமற் காக்கப்படுகின்றது.

இவ்வகை ஓடைகளை மைக்ரோசொப்ற் நிறுவனத்திலே எரிக் மெய்யரும் அவரோடு உழைத்தோரும் உருவாக்கி 2009ஆம் ஆண்டு வெளியிட்டனர். நெற்பிளிக்ஸ் நிறுவனத்தார் அதனை ஜாவா மொழிக்குக் கொணர்ந்து, 2013ஆம் ஆண்டு 'ஆர்எக்ஸ்ஜாவா' என்னும் பெயரால் யாவர்க்கும் திறந்துவிட்டனர். பல நிறுவனத்தாரும் கூடி வகுத்த பொது விதிகள் 2015ஆம் ஆண்டு வெளிவந்தன. 2017இல் ஜாவாவின் ஒன்பதாம் பதிப்பிலேயே அவற்றுக்கு இடங் கிடைத்தது. நாம் நாள்தோறும் கையாள்வது 'றியக்ரர்' என்னும் நிரல்நூலகம். இனி வரும் விவரங்கள் பெரும்பாலும் அதனையே சார்ந்தவை.

அப்பொது விதிகளுள் ஒன்றை எம் தொழிலுக்கு வருவோர் முதலில் நெஞ்சிற் பதித்தல் வேண்டும். ஓர் ஓடையிலே செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகவே கையளிக்கப்படல் வேண்டும் என்பதே அது. இரண்டு இழைகள் ஒரே கணத்தில் ஒரே படிக்கு இரண்டு செய்திகளை நீட்டுதல் கூடாது. ஆகவே ஓர் ஓடை ஒருபோதும் சமாந்தரமாக ஓடாது. சமாந்தரமாக ஓடுவன பல ஓடைகளே. 'சப்ஸ்கிறைப்ஒன்' என்னுங் கட்டளை ஓடை தொடங்கும் இடத்தை வேறோர் இழைக்கு மாற்றும். 'பப்ளிஷ்ஒன்' என்பது தான் நிற்கும் இடத்திற்குக் கீழே உள்ள படிகளை வேறோர் இழைக்கு மாற்றும். இரண்டும் இடமாற்றமேயன்றிப் பெருக்கம் அல்ல. எட்டு இழைகள் உள்ள ஒரு கூட்டத்தை அக்கட்டளைக்குக் கொடுத்தாலும், அவற்றுள் ஒன்றே அவ்வோடைக்கு வந்து வேலை செய்யும். மற்றை ஏழும் வாளாவிருக்கும். இதனை அறியாது, இழை கொடுத்தும் வேகம் கூடவில்லையே என்று நாட்கணக்காக மயங்கிய இளைஞர் பலரை நாம் கண்டிருக்கின்றோம்.

நேர்முகப் பரீட்சையிற் கேட்ட 'பரலல்' என்ற சொல்லும், தனித்து நின்றால், வேலையைப் பகிர்ந்து வைக்குமேயன்றிச் செய்விக்காது. அது ஓர் ஓடையைக் கணினியிலுள்ள கோர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பல தண்டவாளங்களாகப் பிரித்து, செய்திகளைச் சுற்றுமுறையில் அவற்றுக்கு வழங்குகின்றது. 'றன்ஒன்' என்னும் மற்றொரு கட்டளையால் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் ஓர் இழையைக் கொடுத்த பின்னரே வண்டிகள் ஓடத் தொடங்கும்.

மற்றொரு வழி 'பிளற்மப்'. அது ஒவ்வொரு செய்தியையும் தனித்தனிச் சிற்றோடையாக்குகின்றது. அச்சிற்றோடைகளை வெவ்வேறு இழைகளில் ஓட விட்டு, முடிவுகளை மீண்டும் ஓர் ஓடையிற் சேர்க்கின்றது. சேரும் இடத்திலே மேற்கூறிய விதி மீறப்படாது காப்பது எங்ஙனம்? முதலில் வாயிலை அடைந்த இழை உள்ளே நுழைகின்றது. பின்வரும் இழைகள் தாம் கொண்டுவந்ததை வாயிலில் உள்ள வரிசையில் வைத்துவிட்டுத் தத்தம் வேலைக்குத் திரும்பிவிடுகின்றன. உள்ளே நுழைந்த இழை, தன்னுடையதைக் கொடுத்த பின், வாயிலில் மற்றையோர் வைத்துச் சென்றவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டே வெளியேறுகின்றது. ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பதில்லை. இருவர் ஒருங்கே நுழைவதும் இல்லை. இத்துணை அழகிய ஏற்பாட்டை வேறு தொழில்களில் நாம் அதிகம் கண்டதில்லை.

பயனை ஒரு கணக்காற் காட்டலாம். ஒரு செய்தியை முடிக்க 50 மில்லிசெக்கன் செல்லும் என்று கொள்வோம். 100,000 செய்திகளை ஒரே இழை முடிக்க 5,000 செக்கன், அதாவது 83 நிமிடத்துக்கு மேல், ஆகும். எட்டு இழைகள் சரிசமமாகப் பகிர்ந்தால் 625 செக்கனில், பத்து நிமிடமும் சிறிது நேரமும் ஆகும்போது, முடிந்துவிடும். இக்கணக்கைக் கண்டு மயங்காத முகாமையாளர் அரியர்.

நிற்க. சில ஆண்டுகளின் முன் எமது கைக்கு வந்த ஓர் ஓடையின் வரலாற்றை இனிக் கூறுவோம். ஒரு நிதி நிறுவனத்தின் பற்று வரவுச் செய்திகளை இரவிலே எடுத்துச் சோதித்து, கணக்குகளிற் பதிந்து, விடியுமுன் முடித்துவிட வேண்டிய ஓடை அது. எமக்கு முன் அவ்விடத்தில் இருந்தோர் அதனை அமைத்துவிட்டு வேறிடஞ் சென்றிருந்தனர். 'பரலல்', 'றன்ஒன்' இரண்டும் முறைப்படி இடப்பட்டிருந்தன. வேகத்திற் குறையொன்றும் இல்லை. குறை வேறோர் இடத்திலிருந்து, கையெழுத்திலான ஒரு கடிதமாக வந்தது.

எழுதியவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. அவருடைய ஓய்வூதியம் கணக்கிற் சேர வேண்டிய அதே நாளில், மருந்துக் கடைக்கு அவர் எழுதிய காசோலையும் வந்திருந்தது. ஓய்வூதியம் முன்னே வந்தது. காசோலை பின்னே வந்தது. எனினும் காசோலை 'போதிய பணம் இல்லை' என்ற குறிப்போடு திரும்பியது. அவர் கணக்கிலே தண்டப்பணமும் அறவிடப்பட்டது. தம் வாழ்நாளிலே தாம் எழுதிய ஒரு காசோலையும் திரும்பியதில்லை என்று அவர் எழுதியிருந்தார். பணத்தை அவர் பெரிதாகக் கருதவில்லை என்பது கடிதத்திற் தெரிந்தது. மருந்துக் கடைக்காரர் தம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்பதே அவர் கவலை.

அன்றைய செய்திகள் அனைத்தையும் எமது சோதனைக் கணினியிலே மீண்டும் ஓட்டினோம். பிழை தோன்றவில்லை. பலமுறை ஓட்டினோம், அப்பொழுதும் எல்லாம் செவ்வனே நடந்தன. 'அப்படியானால் அம்மையார்தாம் ஏதோ மாறி விளங்கிக்கொண்டார்' என்று கூறிக் கோவையை மூடிவிட விரும்பியோரும் அங்கு இருந்தனர். இழைகளால் விளையும் பிழைகளின் இயல்பே இதுதான்: தேடும்போது ஒளிந்துகொள்ளும். ஈற்றில் அன்றிரவின் குறிப்பேட்டை வரி வரியாகப் பார்த்தோம். ஒவ்வொரு வரியிலும் அவ்வேலையைச் செய்த இழையின் பெயர் இருக்கும். ஓய்வூதிய வரவு 'பரலல்-3' என்ற இழையிலும், காசோலை 'பரலல்-4' என்ற இழையிலும் சென்றிருந்தன. சுற்றுமுறையிற் பகிரும்போது அடுத்தடுத்து வந்தவை அடுத்தடுத்த தண்டவாளங்களில் ஏறுதல் இயல்பே. வரவு முன்னே புறப்பட்டது; ஆனால் தரவுத்தளத்தின் விடைக்காக ஒரு செக்கனிற் சிறு பங்கு நேரம் நின்றது. அதற்குள் அடுத்த தண்டவாளத்திலிருந்த காசோலை முந்திவிட்டது. இரண்டு இழைகளும் தத்தம் கடமையைப் பிழையின்றியே செய்தன. அவற்றுக்கிடையே ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும் என்பதை அவற்றுக்குச் சொல்வார் இல்லை.

பழையபடி ஒரே இழைக்குத் திரும்பினால் ஒழுங்கு வரும். வேலையோ விடியுமுன் முடியாது. 'பிளற்மப் சீக்குவென்ஷல்' என்றொரு கட்டளை உண்டே, அது முடிவுகளை வந்த ஒழுங்கிலேயே வெளிவிடுமே என்றார் ஒருவர். மெய்தான். ஆனால் அது ஒழுங்குபடுத்துவது வெளிவரும் முடிவுகளை மாத்திரமே. உள்ளே வேலைகள் முன்பின்னாகவே நடக்கும். கணக்கிற் பதிதல் உள்ளே நடக்கும் வேலை. பரீட்சை எழுதி முடிந்தபின் விடைத்தாள்களைச் சுட்டெண் ஒழுங்கில் அடுக்குவதனால், யார் முந்தி எழுதினார் என்பது மாறிவிடாதல்லவா? இக்கட்டளையை நம்பி ஏமாந்தோர் பலர்; மாணவர் இதனை ஊன்றி நோக்குக.

அப்பொழுதுதான் எமக்குத் தெளிவாகியது, ஒழுங்கு வேண்டுமா என்று கேட்பது பிழை, எவருடைய ஒழுங்கு வேண்டும் என்றே கேட்க வேண்டும் என்பது. ஆசிரியையின் வரவுக்கும் அவருடைய காசோலைக்கும் இடையே ஒழுங்கு வேண்டும். அவருடைய காசோலைக்கும் மன்னாரில் உள்ள ஒரு வியாபாரியின் வரவுக்கும் இடையே எவ்வகை ஒழுங்கும் வேண்டா. ஒரு கணக்கினுள்ளே வரிசை, கணக்குகளுக்கிடையே சமாந்தரம்: பிரிக்க வேண்டிய இடம் இதுவே. (ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் மாற்றுவது இரு கணக்குகளைத் தொடுமே என்று கூரிய வாசகர் கேட்பர். அவை பற்று ஒன்றும் வரவு ஒன்றுமாக இரண்டு தனிச் செய்திகளாகவே அவ்வோடைக்கு வந்தமை எமது நல்லூழ்.)

எம்மோடு பணியாற்றும் இளம் பொறியியலாளர் ஒருவர் இதனைக் கேட்டதும், 'குறூப்பை' என்னுங் கட்டளையால் ஒவ்வொரு கணக்கிலக்கத்துக்கும் ஓர் ஓடையாகப் பிரித்துவிட்டார். சில கணக்குகளைக் கொண்டு சோதித்தபோது நன்றாக ஓடியது. ஒரு முழு நாளின் செய்திகளை விட்டபோது சிறிது நேரம் ஓடி நின்றுவிட்டது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. இழைகள் யாவும் உயிரோடிருந்தன. வேலை மாத்திரம் நடக்கவில்லை. காரணம் கைந்நூலிலேயே எச்சரிக்கையாக எழுதப்பட்டுள்ளது. பிரிந்த ஓடைகளை மீளச் சேர்க்கும் 'பிளற்மப்', வேறு கூறாவிட்டால், ஒரு வேளையில் 256 ஓடைகளையே ஏற்கும். கணக்கு ஒன்றின் ஓடை, அன்றைய செய்திகள் யாவும் தீரும்வரை முடிவதில்லை. ஆகவே 257ஆவது கணக்கு வாயிலிலே காத்து நின்றது. அதற்குப் பின் வந்தவையும் நின்றன. அவற்றின் செய்திகள் தேங்கி இடம் நிரம்ப, கீழ்ப்படி மேற்படியைக் கேட்பதை நிறுத்திவிட்டது. கேளாததால் மேலிருந்து ஒன்றும் வரவில்லை. வராததால் ஒன்றும் முடியவில்லை. வாய்க்காலைக் காக்க வகுத்த ஒழுக்கமே வாய்க்காலை அடைத்துக்கொண்டது.

இளம் பொறியியலாளர் இரண்டாம் நாளே மாற்று வழியைக் கண்டார். கணக்கிலக்கத்தை 16ஆற் பிரித்து, மீதியைக் கொண்டு, 16 பகுதிகளாக மாத்திரம் வகுத்தார். ஒரே கணக்கின் செய்திகள் எப்பொழுதும் ஒரே பகுதியிலேயே விழும். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இழை. பகுதியினுள்ளே 'கொன்கற்மப்', அது ஒன்று முடிந்த பின்னரே அடுத்ததைத் தொடங்கும். பார்ப்பதற்கு எளிய வரிகள்தாம். இதில் ஒரு குறையும் உண்டு. ஒரு பெருங்கடையின் கணக்கு விழுந்த பகுதி, மற்றவை முடிந்த பின்னரும் தனியே ஓடிக்கொண்டிருக்கும். அக்குறையை நாம் ஏற்றுக்கொண்டோம்.

அதன்பின்னும் வேகம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. காரணம் ஓடையில் இல்லை. தரவுத்தளத்துக்கான தொடர்புகளை வைத்து வழங்கும் 'ஹிகாரி' என்னும் நிரல்நூலகம், வேறு கூறாவிட்டால், பத்துத் தொடர்புகளையே வைத்திருக்கும். பதினாறு இழைகள் போய்க் கேட்டால் ஆறு வெளியே நிற்கும். இதனையொத்ததே இழைக் கூட்டங்களின் தேர்வும். 'பரலல்' என்ற பெயருடைய இழைக் கூட்டம் கோர்களின் எண்ணிக்கை அளவினது. அது கணக்கிடும் வேலைக்கு உரியது. அதிலே தரவுத்தளத்தின் விடைக்காகக் காத்து நிற்கும் வேலையை ஏற்றினால் எட்டு இழைகளும் கைகட்டி நிற்கும். காத்து நிற்கும் வேலைக்கென 'பவுண்டட் எலாஸ்ரிக்' என்னும் கூட்டம் உண்டு. அது கோர் ஒன்றுக்குப் பத்து வீதம், எட்டுக் கோர்க் கணினியில் 80 இழைகள் வரை, கொள்ளும். பதினாறு பகுதிகளையும் அதற்கு மாற்றி, தொடர்புகளையும் பதினாறாக உயர்த்திய பின்னரே ஓடை ஒழுங்காக ஓடியது.

இழைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று எண்ணுவோர்க்கு 1967ஆம் ஆண்டு ஜீன் அம்டால் எடுத்துக்காட்டிய கணக்கு ஒரு கடிவாளம். வேலையிற் பத்தில் ஒரு பங்கு வரிசையாகவே நடக்க வேண்டியதாயின், எட்டு இழைகளால் வேகம் ஐந்து மடங்கைத்தானும் எட்டாது. ஆயிரம் இழைகளைக் கொடுத்தாலும் பத்து மடங்கைத் தாண்டாது. மேலே நாம் காட்டிய பத்து நிமிடக் கணக்கு, இதனைச் சேர்த்தவுடன், ஏறக்குறைய 18 நிமிடமாகிவிடும். எண்ணிக்கை ஒன்றை எல்லா இழைகளும் பொதுவிலே கூட்டுவதும் இத்தகைய இடரே. 41 என்றிருப்பதை இரண்டு இழைகள் ஒருங்கே வாசித்து, இரண்டும் ஒன்றைக் கூட்டி, இரண்டும் 42 என்றெழுதிவிட்டாற் செய்தி ஒன்று கணக்கினின்று மறைந்துவிடும்.

ஆசிரியையின் தண்டப்பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மருந்துக் கடைக்காரருக்கும், தவறு தம்முடையதன்று என்று ஒரு கடிதம் அனுப்பப்படல் வேண்டும் என அவர் கேட்டார். நிதி நிறுவனத்தார் சற்றே தயங்கினர். பின்னர் அதனையும் அனுப்பினர்.

2023ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வெளிவந்த ஜாவாவின் 21ஆம் பதிப்பிலே 'வேர்ச்சுவல் திரெட்' என்னும் புதுவகை இழைகள் நிலைபெற்றன. அவை மிக மலிவானவை, இலட்சக்கணக்கிற் படைக்கலாம், காத்து நிற்கும்போது கணினியின் மெய்யிழையை விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே, காத்து நிற்கும் வேலைகளுக்காகவே எதிர்வினை ஓடைகளைக் கையாண்டோர் பலர் அவற்றைக் கைவிட்டு வருகின்றனர். ஓடைகளின் காலம் முடிந்துவிட்டது என்று பேசுவோரும் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. முடிவில்லாது வரும் செய்திகளை அளவறிந்து கேட்டுப் பெறும் ஒழுக்கம் மலிவான இழைகளால் தானே வந்துவிடாது. எனினும் இரவு வேலையைப் பொறுத்தவரை அம்மாற்றம் தக்கதே. முன்கூறிய இளம் பொறியியலாளர் இப்பொழுது அவ்வோடையைப் புதிய முறையிலே எழுதி வருகின்றார். எழுதியவரையில் எமக்குக் காட்டினார். 'பிளற்மப்' இல்லை; 'கொன்கற்மப்' இல்லை; படிகள் யாவும் நாம் கல்லூரி விட்ட காலத்துச் செய்நிரல்களைப் போல, மேலிருந்து கீழாக, வாசித்தவுடன் விளங்கும் வண்ணம் உள்ளன. கணக்கிலக்கத்தை 16ஆற் பிரித்து மீதி காணும் வரி மாத்திரம் முன்னிருந்தபடியே இருக்கின்றது. அதன்மேல், காரணம் அறியாமல் இதனை நீக்கற்க என்று ஒரு குறிப்பும் எழுதியிருக்கின்றார்.